வயலில் வாழும் விலங்குகளுக்கு யார் செலவு செய்வது?

தலங்கமவாசி:

கொழும்பை ஒட்டிய தலங்கம குளத்துப் பக்கம் குடியிருக்கிறேன். பாராளுமன்றத்தில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இன்னமும் குளத்துத் தண்ணீர் பாய்ச்சி நெல் விதைக்கிறார்கள் என்பது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையில் இருக்கும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. உழவு நடக்கும்போது மிசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மடையானும் நடக்கும், தண்ணீர் கட்டினால் நத்தைகுத்தி நாரை வரும், குளத்துத் தாமரை இலைகளில் இலைக்கோழி குஞ்சோடு திரியும், சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களின் பலாவிலும் மாவிலும் ஊதா முகக் குரங்கு இருக்கிறது. அதன் மேற்குப் பகுதி இனம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அடியோடு அழியும் ஆபத்தின் கடைசிப் படியில் அதை வைத்திருக்கிறார்கள். இரவில் வாய்க்கால் ஓரம் மீன்பிடிப் பூனையும் வரும்.

2007 இல் இந்த இடம் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என்று வர்த்தமானியில் வந்தது. 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் ஆனது, உலகில் முதன்முதலாக அந்த அங்கீகாரம் கிடைத்த 18 நகரங்களில் ஒன்று. சரி, கடதாசியில் எல்லாம் இருக்கிறது. வயலில் நடப்பது வேறு. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, உரம் விலை, விளைந்ததற்கு விலை இல்லை, ஆகவே இரண்டு போகம் விதைத்தவர் ஒன்றோடு நிறுத்துகிறார், பிறகு அதையும் விடுகிறார். தரிசாகிய துண்டில் ஓர் இரவு டிப்பர் வந்து மண் கொட்டும், அடுத்த வருடம் அங்கே மதில் நிற்கும்.

பறவை படம் எடுக்க சனிக்கிழமைகளில் நிறையப் பேர் வருகிறார்கள். அந்தப் பறவைக்குச் சோறு போடுவது அந்த வயல், வயலை வைத்திருப்பது நட்டத்தில் ஓடும் ஒரு விவசாயி. அந்த நட்டத்தில் நகரத்துக்காரர் ஒரு பங்கு ஏற்காமல் இங்கே எதையும் காப்பாற்ற முடியாது என்பது என் எண்ணம். விவசாயக் குடும்பங்களில் இருந்து கொழும்புக்கு வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்களில் எப்படி?

நெடுங்கேணி:

அண்ணா, கொக்கும் நாரையும் வயலுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை, அதனால் உங்களுக்கு அன்பாக எழுத முடிகிறது. எங்கள் வீட்டு நிலம் வன்னியில், நெடுங்கேணிப் பக்கம். விதைத்த அன்றிலிருந்து மயில், கதிர் முற்றினால் பன்றி, அறுப்புக்கு முன்னால் யானை, வீட்டு வளவில் தென்னையைக் குரங்கு விடாது, குரும்பையிலேயே பறித்துக் கடித்துப் போடும். என் அக்கா குடும்பம் இரவில் காவல் கொட்டிலில்தான் படுக்கிறது. அத்தானுக்கு அந்தத் தூக்கமின்மையால் வந்த வருத்தத்தை எந்தக் கணக்கில் போடுவது?

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்னார்களே, கொழும்பில் அதைப் பலர் கேலி செய்தார்கள். முறை சரியில்லை என்று படித்தவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் பலர் அன்று காலை பேனையும் தாளுமாக நின்றார்கள், ஏனென்றால் "உனக்கு என்ன நட்டம்" என்று அரசாங்கம் கேட்டதே அவர்களுக்குப் புதிது. இலவசப் பயிர்க் காப்புறுதியில் வறட்சி, வெள்ளம், காட்டு யானை என்று போட்டிருக்கிறது. குரங்கு அழித்த தென்னைக்கு எங்கள் பக்கம் யாருக்கும் ஒரு சதம் வந்ததில்லை.

மயிலை முருகன் வாகனம் என்று கும்பிடுகிற ஆட்கள்தான் நாங்கள். யாரும் ஆசைக்கு விலங்கைக் கொல்வதில்லை.

உள்ளான்:

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன், வார இறுதியில் பறவை பார்க்கப் போகும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. நெடுங்கேணி அண்ணா சொல்வதை மறுக்க முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

வயல் என்பது நெல் மட்டும் வளரும் இடம் என்று நினைத்துத்தான் எல்லாரும் பேசுகிறோம். குருநாகல் மாவட்டத்து பத்தலகொடையில் நீர்ப்பாசன வயல்களை வைத்து பம்பரதெனிய என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2004 இல் வந்தது. முள்ளந்தண்டில்லாத உயிரினங்கள் 494, முள்ளந்தண்டுள்ளவை 103 என்று பதிவு செய்தார்கள். சிலந்தி, தும்பி, தவளை எல்லாம் அதற்குள் வருகின்றன. இவை தின்கிற பூச்சிக்கு நாம் மருந்து வாங்கத் தேவையில்லை. மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்தியும் தும்பியும், முட்டைக்குள் தப்பிய பூச்சி திரும்பப் பெருகும்போது அதைப் பிடிக்க ஆள் இருக்காது. அதனால் "விலங்கா விளைச்சலா" என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை, விளைச்சலைக் காப்பதும் விலங்குகள்தான், அவை சிறியவை என்பதால் கணக்கில் வருவதில்லை.

பழைய ஆட்கள் இதை அறிந்துதான் வைத்திருந்தார்கள். உலர்வலயத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் குளங்கள் தொடரும் எல்லங்கா முறையை 2017 இல் உலக உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. அதில் குளத்துக்குத் தண்ணீர் வரும் மேல்பக்கக் கரையில் மரக்கூட்டம், தண்ணீரை வடிக்கும் புல்வெளி, கட்டுக்குக் கீழே உப்பை உறிஞ்சும் மரவரிசை, காட்டு விலங்கு குடிக்க மேலே காட்டுக்குள் தனியாக ஒரு சின்னக் குளம், இத்தனையும் இருந்தன. வயலின் கடைசியில் ஒரு துண்டைப் பறவைக்கென்றே விட்டுவிடுவார்கள், சிங்களத்தில் குருளு பாலுவ என்பார்கள். நம் பக்கத்தில் அப்படி ஏதும் இருந்ததா என்று அறிய ஆசை.

நெடுங்கேணி:

தங்கச்சி, எங்கள் பக்கம் குளத்துக்கு அலைகரை, அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் ஓரத்து நிலம், உண்டு, கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் மருத மரம் உண்டு. அம்மப்பா காலத்தில் அலைகரையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். மாடு மேயும், மான் வரும், கோடையில் குளம் வற்றினால் யானை அந்தப் பக்கத்தாலேயே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும், வயலுக்குள் வராது. போர்க்காலத்தில் ஊரே இடம்பெயர்ந்தது, வயலெல்லாம் பற்றைக் காடானது, திரும்பி வந்தபோது அது விலங்குகளின் இடமாக இருந்தது. அதன்பின் சனமும் அலைகரையைப் பிடித்து விதைக்கத் தொடங்கியது உண்மை. வறுமை ஒரு காரணம், காணிப் பிரச்சினை இன்னொரு காரணம், வெளியாட்கள் காடு வெட்டியது வேறு கதை. யானைக்குப் பழைய பாதை இல்லாமற் போனதும் அது நெல்லுக்குள்ளால் நடக்கிறது.

அதற்காக அலைகரையை விடு என்று இன்று அதில் இருக்கும் குடும்பத்திடம் போய்ச் சொல்ல நான் தயாரில்லை. மாற்றுக் காணி காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும்.

படுவான்கரை:

மட்டக்களப்பு, இப்போது தெமட்டகொடையில் வேலை. யானை விசயம் வந்ததால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

2011 இல் எடுத்த கணக்கில் நாட்டில் 5,879 யானை. 2023 இல் மட்டும் 450 யானைகளுக்கு மேல் செத்திருக்கின்றன, 150 பேருக்கு மேல் மனிதர்களும். சூடு, மின்சாரம், ஹக்கபட்டாஸ். இந்த ஹக்கபட்டாஸ் பற்றிக் கொழும்பில் யாரும் சரியாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பூசணிக்குள்ளோ வெள்ளரிக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் பன்றிக்குப் போடுவது. யானைக்கன்று அதைக் கடித்தால் தாடையும் நாக்கும் சிதையும், உடனே சாகாது, தின்ன முடியாமல் பட்டினியில் நாட்கணக்கில் அலைந்து சாகும். அதை நேரில் பார்த்தவன் மறக்கமாட்டான்.

இத்தனை காலமும் அரசாங்கம் செய்தது என்னவென்றால் யானையைச் சரணாலயத்துக்குள் துரத்தி வேலி போடுவது. பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்ற யானை ஆய்வாளரும் குழுவும் 2021 இல் வெளியிட்டதில், நாட்டில் அறுபது வீத நிலத்தில் யானை நடமாடுகிறது, அந்த நிலத்தில் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். அப்படியானால் எதற்குள் துரத்துவது? இன்னொன்று, நிறைய மின்வேலி வனஜீவராசித் திணைக்களக் காட்டுக்கும் வனத் திணைக்களக் காட்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. துரத்தி உள்ளே அடைத்த யானைகள் தீனி இல்லாமல் மெலிந்து கன்றுகளோடு செத்த இடங்களும் உண்டு.

அவர்கள் சொல்லும் வழி வேறு. வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடு. வயல் வேலி விதைப்பில் இருந்து அறுப்பு வரை மட்டும் நிற்கும், அறுவடை முடிந்ததும் விவசாயிகளே கழற்றிவிடுவார்கள், பிறகு யானை வந்து ஒட்டுத்தாளைத் தின்னட்டும், அடுத்த காலபோகம், அதாவது மாரி விதைப்பு, வரை நிலம் சும்மாதானே கிடக்கிறது. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பக்கம் ஊராரே பராமரித்து இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2020 இல் தேசிய செயற்திட்டமும் இதை வைத்துத்தான் எழுதப்பட்டது. இங்கே முக்கியம் கம்பி அல்ல, கம்பிக்குக் கீழே புல் வெட்டுகிற ஆள். அரசாங்க வேலியில் கொடி படர்ந்து கரண்ட் நின்றால் யாரும் கவனிப்பதில்லை. தன் வயலைச் சுற்றிய வேலி என்றால் ஒவ்வொரு நாளும் பார்ப்பான்.

கல்கமுவ ஊர்களை விட எங்கள் பக்கம் நெல் வயல் பெரிய வட்டைகள் (வயல்வெளிகள்), குத்தகைக்காரர் அதிகம், ஆகவே விவசாயிகளின் கமக்கார அமைப்பு பலமாக இருக்கும் இடத்தில்தான் இது சரிவரும். ஆனாலும் யானை வெடி கொடுத்து ஒவ்வொரு இரவும் துரத்துவதை விட எவ்வளவோ மேல்.

மலைச்சாரல்:

வணக்கம். மலையகத்துப் பொகவந்தலாவையில் பிறந்தவன், கொழும்பு ஆமர் வீதியில் கடையில் இருக்கிறேன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டியது ஞாபகம் இருக்கும். உயிரோடு பிடித்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், மூன்று நாளில் இறந்தது. அப்படிப்பட்ட கருஞ்சிறுத்தையை இந்த நாட்டில் காண்பதே அபூர்வம். அந்த வாரம் முழுக்க முகநூலில் "தோட்டக்காரன் கொன்றுவிட்டான்" என்று எழுதினார்கள். அது எங்கள் மனதைப் புண்ணாக்கியது.

கம்பி சிறுத்தைக்கு வைத்ததல்ல, பன்றிக்கு வைத்தது. தினச் சம்பளத்தில் வாழ்கிற ஆள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நாலு பாத்தி கரட்டும் லீக்ஸும் போட்டிருப்பார், அது ஒரு இரவில் போய்விட்டால் அந்த மாதம் கடன்தான். பைக் கிளச் கம்பியில் சுருக்குப் போடுவது அதற்கு. சிறுத்தை தேயிலைக்குள்ளும் கானோரத்திலும்தான் நடமாடுகிறது, அதுவும் பன்றியையும் லயத்து நாயையும் தேடித்தான் வருகிறது, இடுப்பில் சுருக்கு இறுகினால் இழுக்க இழுக்க உள்ளே வெட்டும், வெளியில் காயம் சின்னதாகத் தெரியும், குடல் போயிருக்கும்.

கம்பி வைப்பது சரி என்று சொல்ல வரவில்லை, வைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பாத்திக்கு ஒரு நல்ல வேலி யார் போட்டுத் தருகிறார்கள்? அந்த நிலமே அவருடையதல்ல, நாளைக்கு இரு இல்லை போ என்று சொல்லக்கூடிய நிலத்தில் யார் கையில் இருக்கும் காசைப் போட்டு வேலி கட்டுவார்? கானோரத்துக் காட்டுத்துண்டுகளை வெட்டாமல் விட்டால் பன்றிக்கும் சிறுத்தைக்கும் இடம் இருக்கும், அது தோட்ட நிர்வாகங்களின் கையில் இருக்கிற காரியம். தொழிலாளி மேல் மட்டும் சட்டம் பாய்கிறது.

உள்ளான்:

மலைச்சாரல் அண்ணா, காணி உரிமையும் சிறுத்தையும் ஒரே கதை என்று இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. வகுப்பில் சுருக்கு என்று ஒரு வரி, விலங்கின் உடற்கூற்றுப் பரிசோதனை ஒரு பக்கம். நன்றி.

நெடுங்கேணி:

படுவான்கரை அண்ணை, வேலி யோசனை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் மயிலுக்கும் குரங்குக்கும் வேலி எது? அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுட விடுங்கள் என்று விவசாயி கேட்டால் உடனே கொடுமைக்காரன் ஆகிவிடுகிறான்.

உள்ளான்:

சுடுவதை நான் எதிர்க்கிறேன், காரணத்தோடு. ஒரு குரங்குக் கூட்டத்தில் சிலதைக் கொன்றால் கூட்டம் சிதறும், இரண்டு கூட்டமாகும், குப்பையிலும் தோட்டத்திலும் தீனி தாராளமாக இருக்கும்வரை குட்டி தப்பிப் பிழைக்கும். ஊருக்குள் திறந்த குப்பை, கோயில் வாசலிலும் பாதையோரத்திலும் பழம் கொடுப்பது, இவை நின்றால்தான் எண்ணிக்கை இறங்கும். மயில் முன்பு உலர்வலயத்துப் பறவை, இப்போது களுத்துறை, கம்பஹா வரை பரவிவிட்டது. நரி குறைந்ததும் ஒரு காரணம் என்று சூழலியலாளர் பலர் சொல்கிறார்கள், முட்டையையும் குஞ்சையும் தின்றது அது. கோழிக்காக நரிக்கு விசம் வைத்தோம், இப்போது மயில் கூடிவிட்டது.

ஆனால் இன்றைக்கு விதைத்தவருக்கு இதெல்லாம் பதில் ஆகாது, தெரியும். அவருக்குப் பணம்தான் பதில். மின்னேரியாவில் கோடையில் யானைக் கூட்டம் பார்க்க வெளிநாட்டார் கொடுக்கும் நுழைவுச்சீட்டுக் காசு இருக்கிறதே, அதே யானைகள் மற்ற மாதங்களில் சுற்றியுள்ள ஊர்களில்தான் மேய்கின்றன. அந்தக் காசில் ஒரு பங்கு பயிர் இழந்த குடும்பத்துக்கு நேரே போக வேண்டும், குரங்கு, மயில் நட்டத்தையும் காப்புறுதியில் சேர்க்க வேண்டும்.

ஹெந்தளை:

வத்தளைப் பக்கம் இருக்கிறேன், முத்துராஜவெல எங்கள் வீட்டுக்குப் பின்னால். கோட்டே ராச்சிய காலத்தில் அது நெல் வயல். பிறகு வெள்ளைக்காரர் கால்வாய்கள் வெட்டியதில் கடல் நீர் ஏறி வயல் கைவிடப்பட்டது, உப்பை வடிக்க ஆங்கிலேயர் ஹமில்டன் கால்வாய் வெட்டியும் நெல் திரும்ப வரவில்லை. இப்போது அது நாட்டின் பெரிய கரையோரச் சேற்றுநிலம், 1996 இல் வடக்குப் பகுதியைச் சரணாலயம் ஆக்கினார்கள், தெற்குப் பகுதி குப்பையாலும் மண்ணாலும் நிரம்பிக்கொண்டே போகிறது.

தலங்கமவாசி அண்ணனிடம் ஒரு கேள்வி. விதைக்காமல் விட்டால் கெட்டுப்போகும் என்கிறீர்கள். முத்துராஜவெலவும் பெல்லன்வில அத்திடியவும் கைவிட்ட வயல்தானே, அங்கே விலங்கு நன்றாகத்தானே இருக்கிறது? விவசாயியை நட்டத்தில் விதைக்கச் சொல்வதை விட நாணல் வளர விட்டுவிடலாமே.

தலங்கமவாசி:

நல்ல கேள்வி. இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில். மீன்பிடிப் பூனைக்கு நாணலும் பற்றையும் வேண்டும், பகலில் ஒளிந்திருக்க. கொழும்பில் அன்யா ரத்நாயக்க கழுத்துப்பட்டி மாட்டி அவற்றைப் பின்தொடர்ந்தார், வீட்டுத் தோட்டத் தொட்டிகளில் மீன் பிடிக்கும் அளவுக்கு அவை நகரத்தில் பழகிவிட்டன. ஆனால் உள்ளான் பறவைக்கும் நாரைக்கும் ஆழமில்லாத திறந்த சேறு வேண்டும், அது உழுத வயலில்தான் கிடைக்கும். விட்ட வயல் கொஞ்சக் காலம் நாணலாக இருக்கும், பிறகு இந்தப் பக்கம் வெல் ஆத்தா என்ற வேற்றுநாட்டு மரம் ஏறி மூடிவிடுகிறது, அதற்குள் ஒன்றும் இறங்காது. பெல்லன்வில அத்திடிய 1990 இல் சரணாலயம் ஆனது, 372 ஹெக்டேர், அங்கேயும் இதே தொல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், கொழும்பில் தரிசாகக் கிடக்கும் நிலம் தரிசாகவே இருப்பதில்லை. விதைப்பு நின்றால் மண் வரும். வயலும் சதுப்பும் போனால் வெள்ளம் வீட்டுக்குள் வரும், 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது, 2016 மேயில் களனி கரை கடந்து கொலன்னாவ மூழ்கியது. நகரத்துக்கு வரும் வெள்ளத்தில் கிட்டத்தட்ட 40 வீதத்தை ஈரநிலம் தாங்குகிறது என்று உலக வங்கித் திட்டத்தோடு செய்த ஆய்வில் சொன்னார்கள். அந்த வேலையை தலங்கமவிலும் கடுவலையிலும் விவசாயி இலவசமாகச் செய்து தருகிறார். மேம்பாலம் கட்டவும் பம்பு பூட்டவும் கோடிகள் உண்டு, அவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருடாவருடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

மலைச்சாரல்:

நகரத்தார் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள் சரி. நகரத்தார் என்றால் யார்? நாங்கள் ஒரு அறையில் நாலு பேர் இருக்கிறோம், அரிசி கிலோவுக்கு இருபது ரூபா கூடினால் எங்களுக்கும் இடிதான்.

தலங்கமவாசி:

அரிசி விலையில் போடச் சொல்லவில்லை தம்பி. அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை வைத்து நகரத்தைக் காப்பாற்றுகிற பாரம் ஏற்கெனவே விவசாயி தலையில்தான் இருக்கிறது. சதுப்பைப் பார்த்தபடி கட்டுகிற மாடி வீட்டுத் தொகுதிகள் "ஈரநிலக் காட்சி" என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அந்த விற்பனையில் ஒரு வரி போடலாம். மாநகர, பிரதேச சபைகளின் ஆதன வரியில் ஒரு சின்னப் பங்கு ஒதுக்கலாம். வருமானம் இருப்பவனிடம் வாங்க வேண்டும்.

ஹெந்தளை:

அது நடக்க வருடங்கள் ஆகும். இந்த மாதம் டிப்பர் வந்தால் என்ன செய்வது?

தலங்கமவாசி:

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. மண் கொட்டும் இடம், நேரம், வாகன இலக்கம், படம், இவற்றோடு அந்தப் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். போனில் சொன்னால் ஒன்றும் நடக்காது. பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி.

படுவான்கரை:

முறைப்பாடு மட்டும் போதாது. காணிக்காரர் யார் என்று போய்ப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் காணி விற்கிறார் என்றால் அதற்கு முன்னால் மூன்று போகம் நட்டப்பட்டிருப்பார். அந்த நேரத்தில் போய்ப் பேசியிருந்தால் விற்றிருக்க மாட்டார். துருசு (மதகு) உடைந்ததா, வாய்க்கால் தூர்ந்ததா, உழவு மிசின் கிடைக்கவில்லையா, எது அவரை விடச் செய்தது என்று கேட்க வேண்டும்.

உள்ளான்:

எங்கள் பறவை பார்க்கும் குழுவில் சிங்களம் நன்றாகப் பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள். தலங்கம வயல்காரர்களிடம் இதையே கேட்டு எழுதிக்கொள்ள நாங்கள் வருகிறோம், படம் எடுக்காமல் ஒரு நாள் முழுக்க அதற்கு ஒதுக்கலாம். அரிசியாகவே நேரே வாங்கத் தயாரான வீடுகள் எத்தனை என்று இங்கே பெயர் போட்டால், விற்பனைக்கு ஆள் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல முடியும்.

நெடுங்கேணி:

என் வீட்டைப் போடுங்கள். சிவப்புப் பச்சை அரிசி என்றால் இன்னும் நல்லது. அடுத்த கிழமை ஊருக்குப் போகிறேன், எங்கள் கமக்கார அமைப்புத் தலைவரிடம் அந்தப் பருவ வேலி விசயத்தைக் கேட்கிறேன். படுவான்கரை அண்ணை, ஒரு ஏக்கருக்குக் கம்பியும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் எனர்ஜைசரும் எவ்வளவு ஆகும், யார் முதல் போட்டார்கள் என்று தெரிந்த ஒருவரின் இலக்கத்தைத் தனியாக அனுப்புங்கள். காலபோக விதைப்புக்கு முன்னால் பேசினால்தான் பிரயோசனம்.

படுவான்கரை:

இன்றிரவு அனுப்புகிறேன். தலைவரிடம் முதலில் பணம் பற்றிப் பேசாதீர்கள். வேலிக்குக் கீழே புல் வெட்ட முறை வைத்து யார் யார் வருவார்கள் என்று கேளுங்கள், அதற்குப் பெயர் வந்தால் மற்றதைப் பார்க்கலாம்.